பூச்சட்டி வாங்கப் போகிறோம். பூ வளர்த்தவரை அறிவோமா?

 

சென்ற இதழ்களில் கணக்கு எழுதும் முறையைப் பற்றியும், கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றியும் பாடங்கள் வந்தன. இம்முறை நாம் எடுத்துக்கொண்டது கல்லாப்பெட்டிக்கு இப்பால் நிற்கும் நாம், அப்பால் நிற்கும் மனிதனை எப்படிப் பார்க்கிறோம் என்ற விஷயம். நாம் பெரும் படிப்புப் படித்தவரல்லர். மதரஸாவில் ஓதினோம், ஆரம்பப் பள்ளிக்கூடம் முடித்தோம், பிறகு கடையில் உட்கார்ந்தோம். ஆயினும் நமது கடை சுங்கை பூலோவில் இருப்பதால், வேறு எந்த ஊர்க் கடைக்காரருக்கும் கிடைக்காத ஒரு பாடம் நமக்குக் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுங்கை பூலோவுக்கு வந்து பாருங்கள். கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் மோட்டார் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். எல்லோரும் பூச்செடி வாங்க வருகிறவர்கள். ரோஜா, மல்லிகை, போகன்வில்லா, பழக்கன்றுகள், மண்சட்டிகள் என்று வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்தத் தோட்டங்கள் எப்படி அங்கே வந்தன என்று கேட்பவர் மிகச் சிலரே. அவற்றைத் தொடங்கிவைத்தவர்கள் தொழுநோய்க்காக அங்கே கொண்டுவந்து அடைக்கப்பட்ட ஜனங்கள். நோய் தீர்ந்த பிறகும் வெளியே யாரும் வேலை கொடுக்காததால், இருந்த இடத்திலேயே மண்ணைக் கொத்திச் செடி வைத்துப் பிழைத்தார்கள். நம் வீட்டு வாசலில் பூக்கும் செடியின் தாய்ச்செடி அப்படிப்பட்ட ஒரு கையால் நடப்பட்டதாக இருக்கலாம். பூவை வாங்குகிறோம், அந்தக் கையைத் தொட நாம் தயாராக இருந்தோமா? இதுதான் கேள்வி.

குடியிருப்பின் வரலாறு

பிரிக்பீல்ட்ஸ் வியாபாரிகள் நாள்தோறும் ‘ஜாலான் டிராவர்ஸ்’ என்ற பெயரைச் சொல்கிறார்கள். அந்த டிராவர்ஸ் ஒரு வைத்தியர். சிலாங்கூரில் சர்க்கார் வைத்தியராக உத்தியோகம் பார்த்தவர். அக்காலத்தில் கோலாலம்பூரை அடுத்த செத்தாப்பாக்கில் தொழுநோயாளருக்கென்று ஒரு முகாம் இருந்தது. அங்கே மனிதர்கள் அடைபட்டுக் கிடந்த நிலையைக் கண்டு அவர் மனம் வருந்தினார். நோயாளியைக் கைதியைப் போல் வைக்கக்கூடாது, வீடும் தோட்டமும் தொழிலும் உள்ள ஒரு கிராமத்தில் வைக்கவேண்டும் என்று சர்க்காரிடம் வாதாடினார். அதன் பயனாக 1930ஆம் ஆண்டில் சுங்கை பூலோவின் மலையடிவாரப் பள்ளத்தாக்கில், ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், இந்தக் குடியிருப்பு திறக்கப்பட்டது. இன்று அதை ‘நம்பிக்கைப் பள்ளத்தாக்கு’ என்று அழைக்கிறார்கள்.

அது ஒரு முழு ஊராகவே இருந்தது. சிறு சிறு வீடுகள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடை, விளையாட்டுத் திடல், பள்ளிவாசல், கோயில், தேவாலயம், புத்தர் ஆலயம் யாவும் இருந்தன. நோயாளிகளே தாதிகளாகவும் ஆசிரியர்களாகவும் காவலர்களாகவும் வேலை பார்த்தார்கள். சீனர் மிகுதி, மலாய்க்காரரும் தமிழரும் இருந்தனர். ஜனத்தொகை மிகுந்த காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர் அங்கே வாழ்ந்தார்கள். உலகிலேயே பெரிய தொழுநோய்க் குடியிருப்புகளில் ஒன்று என்று அதற்குப் பெயர்.

ஆனால் இந்த ஊருக்கு ஒரு குறை இருந்தது. உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்த நோய் இருப்பதாகக் கண்டவரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கும் அதிகாரம் சர்க்காருக்கு இருந்தது. ஊருக்குள்ளே ஒரு சிறைச்சாலைகூட இருந்தது. டிராவர்ஸ் போன்ற நல்ல மனம் உள்ளவர் கட்டிய இடமாக இருந்தும், தாயைப் பிரிந்த பிள்ளையின் கண்ணீரை அது துடைக்கவில்லை. நல்ல வீடு கொடுத்துவிட்டால் ஒருவனை ஒதுக்கிவைத்த பாவம் தீர்ந்துவிடும் என்று நாம் எண்ணுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை இந்த ஒரு விஷயமே காட்டும்.

இதைவிடக் கொடுமை, உள்ளே திருமணமாகிப் பிள்ளை பெற்றவர்களுடையது. பிறந்த குழந்தைக்கு நோய் இல்லை. ஆயினும் தாயிடம் விட்டால் தொற்றும் என்று பயந்து பிறந்த உடனே எடுத்துவிட்டார்கள். பல குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டன. அந்தக் குழந்தைகள் வளர்ந்து, நரை கண்ட பிறகு, ‘எம்மைப் பெற்றவர் யார்?’ என்று தேடிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த சம்பவங்கள் உண்டு. சிலர் தாயைக் கண்டனர். சிலர் கல்லறையைக் கண்டனர்.

காசில் ஒட்டிய பயம்

நாம் வியாபாரிகளாகையால் காசைப் பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். 1930களில் இந்தக் குடியிருப்புக்கென்றே தனி நோட்டு அச்சிட்டார்கள். நோயாளி தொட்ட நோட்டு வெளியே போய்விட்டால் நோய் பரவும் என்ற பயமே காரணம். வெளியூர்க் காசு உள்ளே செல்லாது. உள்ளூர் நோட்டு வெளியே செல்லாது. அந்த ஏற்பாடு நெடுங்காலம் நிலைக்கவில்லை. இன்று அந்த நோட்டுகளைச் சேகரிப்பவர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள்! அன்று ஒரு கட்டுப் பாக்கு வாங்க உதவாத தாள், இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் போகிறது.

இதைப் படித்துச் சிரிக்கும் முன் நமது வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறோம். நாம் சிறுவனாக இருந்தபோது நமது தகப்பனார் சுங்கை பூலோவில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவர் வாரம் ஒருமுறை வருவார். வெற்றிலை, கருவாடு, மிளகாய் வற்றல் வாங்குவார். அவர் கடைக்குள் வருவதில்லை. வெளியே கவிழ்த்து வைத்த ஒரு மரப்பெட்டியின்மேல் சாமானை வைப்போம். பக்கத்தில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய பீங்கான் கிண்ணம் இருக்கும். காசை அதில் போட்டுவிட்டுப் போவார். அவர் தலை மறைந்த பிறகு நாம் போய்க் காசைக் கழுவி எடுத்துக் கல்லாவில் போடுவோம். அப்போது அவருக்கு நோய் தீர்ந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன என்பது பின்னால்தான் தெரிந்தது. நமது தகப்பனார் கெட்டவரல்லர். ரமலானில் அவருக்கும் அரிசி மூட்டை அனுப்பியவர். கொடுக்கத் தெரிந்தது, கையில் வாங்கத் தெரியவில்லை. நம்மில் பலர் நிலை இன்றும் அதுதான்.

நோயைப் பற்றி அறிய வேண்டியவை

பயம் அறியாமையின் பிள்ளை. ஆகவே நோயைப் பற்றிச் சில விஷயங்களை வைத்தியர்களிடம் கேட்டறிந்தபடி எழுதுகிறோம்.

தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. 1873ஆம் ஆண்டில் நார்வே தேசத்து ஹான்சன் என்ற வைத்தியர் அந்தக் கிருமியைக் கண்டறிந்தார். ஆகவே அது முன்வினைப் பயனுமல்ல, பெற்றோர் செய்த பாவமுமல்ல, கெட்ட நடத்தையின் கூலியுமல்ல, பரம்பரையாக வருவதுமல்ல. 1954இல் வெளிவந்த ‘ரத்தக் கண்ணீர்’ என்ற படத்தைப் பார்க்காத தமிழர் குறைவு. எம்.ஆர். ராதா அவர்களின் நடிப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆயினும் ஒழுக்கம் கெட்டவனுக்குத் தொழுநோய் தண்டனையாக வரும் என்ற எண்ணம் அந்தக் கதையால் நம் ஜனங்கள் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. கதை வேறு, வைத்திய சாஸ்திரம் வேறு.

இந்தக் கிருமி மிக மெதுவாக வளர்வது. உடம்பில் புகுந்து அடையாளம் தெரிய ஐந்து வருஷம், சில சமயம் இருபது வருஷம்கூட ஆகும். மனிதரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவருக்கு இதை எதிர்க்கும் சக்தி இயற்கையிலேயே உண்டு. மருந்து உண்ணாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்ந்தால்தான் அவருடைய மூச்சுக்காற்றின் வழியாகத் தொற்றக்கூடும். கை குலுக்குவதாலும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதாலும், காசு வாங்குவதாலும் தொற்றுவதில்லை. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளி மற்றவருக்குத் தொற்றவைக்கும் நிலை நீங்கிவிடுகிறது.

அப்படியானால் விரல்கள் ஏன் போகின்றன? இதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் நம் தமிழ்நாட்டு வேலூர் ஆஸ்பத்திரியில் 1940களின் பிற்பகுதியில் வேலைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட். விரல் தானாக அழுகி விழுவதில்லை என்று அவர் கண்டார். நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. சுடுவது தெரியாது, குத்துவது தெரியாது. உணர்ச்சியுள்ள நாம் சட்டென்று கையை எடுத்துவிடுகிறோம், அவர் எடுப்பதில்லை. ஆகவே காயம் பட்டு, காயம் ஆறாமல், கை குறைந்துபோகிறது. இரவில் தூங்கும்போது எலி கடித்துப் போனதுகூடத் தெரியாமல் இருந்தவர்கள் உண்டு. அதற்காக அவர் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினாராம்! மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்றி வைத்து நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையையும் அவர் அங்கே நடத்திக் காட்டினார். வலி என்பது அல்லாஹ் தந்த எவ்வளவு பெரிய நிஃமத் என்பதை இதைக்கொண்டு அறியலாம்.

மருந்தைப் பொறுத்தவரை, 1940களில் சல்ஃபோன் இன மருந்துகள் வந்தன. அவற்றுள் மலிவானது டாப்சோன். செங்கற்பட்டுத் தொழுநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் காக்ரேன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்களில் முன்னோடி. பிறகு 1964இல், டாப்சோனுக்கு அடங்காத கிருமியும் உண்டு என்று பெட்டிட், ரீஸ் என்ற இரு வைத்தியர்கள் நிரூபித்தார்கள். அந்த ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுத்து உதவியவர்கள் நம் சுங்கை பூலோ நோயாளிகளே. ஒரே மருந்து போதாது என்ற உண்மை அதனால் உறுதிப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையை வகுத்தது. ஆறு மாதம், அல்லது ஒரு வருஷம் ஒழுங்காக மருந்து உண்டால் நோய் தீர்ந்துவிடும். 1995 முதல் இந்த மருந்து உலகெங்கும் இலவசமாக வழங்கப்படுகிறது. ஆகவே உலகத்தில் எந்த மூலையில் எந்த நோயாளி குணமடைந்தாலும், அதில் சுங்கை பூலோ மனிதரின் பங்கு ஒன்று உண்டு. நாம் கிண்ணத்தில் காசு போடச் சொன்னது அப்படிப்பட்ட மனிதர்களைத்தான்.

1969இல் மலேசியாவில் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. கட்டாயமாகப் பிரித்து வைக்கும் பழைய முறை அதன்பின் மறைந்தது. 1994இல் பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளி என்ற அளவுக்கும் கீழே இந்நாடு வந்துவிட்டது. ஆனால் நோய் அறவே ஒழிந்துவிடவில்லை. உலகில் ஆண்டொன்றுக்கு இன்னும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டறியப்படுகிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர் இந்தியாவில்.

நாம் செய்த தவறு

இத்தனையும் தெரிந்த நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதையும் மறைக்காமல் எழுதுவதே முறை.

சில வருஷங்களுக்கு முன் நமது கடையில் ஒரு தம்பி வேலை பார்த்தான். இந்நாட்டிலேயே பிறந்த தோட்டப்புறத்துப் பிள்ளை. கணக்கில் ஒரு காசு பிசகாது. மூட்டை தூக்கவும் சளைக்காதவன். ஒருநாள் கடையின் பின்கட்டில் அடுப்பிலிருந்த சட்டியைத் துணியில்லாமல் இறக்கிவைத்தான். கை கொப்பளித்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. நாம்தான் பார்த்துக் கத்தினோம். முழங்கையின் கீழே ஒரு வெளிறிய படை இருந்ததையும், அந்த இடத்தில் வியர்வையே வருவதில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னான். சர்க்கார் கிளினிக்குக்கு அனுப்பினோம். தொழுநோய் என்றார்கள். ஒரு வருஷ மருந்து. வேலை பார்க்கத் தடையில்லை, யாருக்கும் ஆபத்தில்லை என்று வைத்தியர் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

மருந்தில் ஒன்று உடம்பைக் கறுக்க வைக்கும். மருந்து முடிந்தபின் மெல்ல மெல்லப் பழைய நிறம் திரும்பும். ஆனால் அதற்குள் வாடிக்கைக்காரர் கேட்க ஆரம்பித்தார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள், ‘பாய், அவனை அனுப்பிவிடுங்கள், வியாபாரம் கெட்டுவிடும்’ என்றார்கள். இரண்டு குடும்பங்கள் சாமான் வாங்க வருவதை நிறுத்திவிட்டன. நாம் மூன்று இரவு தூங்கவில்லை. நான்காம் நாள் இரண்டு மாதச் சம்பளத்தை உறையில் போட்டு, ‘உடம்பு சரியானதும் வா தம்பி’ என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அதை நல்ல காரியம் என்றே எண்ணிக்கொண்டோம். கூடுதலாகத்தானே கொடுத்தோம்!

அவன் வீட்டில் நோயைச் சொல்லவில்லை. வேலை போனதைச் சொல்லப் போனால் நோயையும் சொல்லவேண்டுமே! அறை எடுத்துத் தங்கினான்; ஊர் மாறினான்; கிளினிக்குக்குப் போவதும் மருந்து உண்பதும் பாதியில் நின்றுபோயின. ஒன்றரை வருஷம் கழித்துச் செடித் தோட்டம் ஒன்றில் மண் கலந்துகொண்டிருந்தவனை நாம் கண்டோம். இடது கையில் சுண்டுவிரலும் அடுத்த விரலும் மடங்கியிருந்தன. மீண்டும் மருந்து தொடங்கி முடித்துவிட்டதாகவும், தோட்டத்து முதலாளியான ஒரு சீனப் பெரியவர் ஒன்றும் கேட்காமல் வேலை கொடுத்ததாகவும் சொன்னான். நம்மேல் கோபமாகப் பேசவில்லை. ‘கடை எப்படி இருக்கிறது பாய்?’ என்று கேட்டான்.

திரும்ப வரும்படி அழைத்தோம். ‘இங்கே பழகிவிட்டது’ என்று சொல்லிவிட்டான். இப்போது மாதம் ஒருமுறை சாமான் வாங்க வருகிறான். காசை நம் கையில் கொடுப்பதில்லை. மேசைமேல் வைத்துவிட்டுத் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்ட பிறகுதான், ‘எடுத்துக்கொள்ளுங்கள் பாய்’ என்பான். கிண்ணம் இப்போது இல்லை. ஆனால் கிண்ணம் செய்த வேலை நடக்கிறது. நாம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். இன்ஷா அல்லாஹ், ஒருநாள் அவன் கொடுப்பான்.

அந்த இரண்டு குடும்பங்களைப் பற்றியும் கேட்பீர்கள். பக்கத்தில் பெரிய அங்காடி திறந்ததும் அவர்கள் அங்கேயே போய்விட்டார்கள். எவருக்காக ஒரு நல்ல வேலையாளின் விரலை இழக்கச் செய்தோமோ, அவர்கள் நமக்குத் தங்கவில்லை.

மார்க்கத்தின் வழி

சிலர் ஒரு ஹதீஸை எடுத்துக்காட்டி, தொழுநோயாளியைக் கண்டு ஓடத்தானே சொல்லப்பட்டிருக்கிறது என்பார்கள். தொழுநோயாளியை விட்டு விலகும்படி சொல்லும் அறிவிப்பு உண்டு. அதே அறிவிப்பில், நோய் தன் சுய சக்தியால் தொற்றுவதில்லை என்ற கருத்தும் சேர்ந்தே இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தொழுநோயாளியின் கையைப் பிடித்துத் தம்முடன் ஒரே தட்டில் உண்ண வைத்தார்கள் என்ற அறிவிப்பும் ஹதீஸ் நூல்களில் வருகிறது. அதன் தொடரின் பலத்தைப் பற்றி உலமாக்கள் பேசியிருக்கிறார்கள். இவற்றை இணைத்துப் பார்த்த பெரியோர், மருந்தில்லாத நோயில் எச்சரிக்கை கொள்வது கூடும், மனிதனை இழிவாக நடத்துவது கூடாது என்று விளக்கியிருக்கிறார்கள். இன்று மருந்து வந்துவிட்டது. எச்சரிக்கைக்குரிய காலம் மருந்து தொடங்கிய சில நாட்களோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் ஓடுகிறவன் நோயைக் கண்டு ஓடவில்லை. மனிதனைக் கண்டு ஓடுகிறான்.

உமையா கலீஃபாக்களில் 705 முதல் 715 வரை ஆண்ட வலீத் பின் அப்துல் மலிக் திமிஷ்கு நகரத்துப் பெரிய பள்ளிவாசலைக் கட்டியவர். அவர் தொழுநோயாளருக்குப் பைத்துல்மாலிலிருந்து மானியம் கொடுத்து, அவர்கள் பிச்சை கேட்க வேண்டாமென்று ஏற்பாடு செய்தார். நடக்க முடியாதவருக்கு ஒரு பணியாளும், கண் தெரியாதவருக்கு ஒரு வழிகாட்டியும் நியமித்தார் என்று சரித்திரம் சொல்கிறது. அதற்கும் முன்பாக மதீனாவில், கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபியவர்கள் பாங்கு சொல்லும் பொறுப்பில் வைத்தார்கள். தாம் வெளியூர் சென்றபோது ஊரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் பலமுறை கொடுத்தார்கள். அவருக்குக் கிடைத்தது ஸதகா அல்ல, பதவி. குறையுள்ளவருக்குக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், அவரிடமிருந்து பெற்றுக்கொள்ளவும் வேண்டும் என்பது இதிலுள்ள பாடம்.

நம்மையே பிறர் ஒதுக்கிய நாட்களை மறந்துவிட்டோமா? 2020இல் கொரோனா வந்தபோது சுங்கை பூலோ ஆஸ்பத்திரிதான் அந்த நோய்க்கு முதன்மை ஆஸ்பத்திரி. நமது ஊர்ப் பெயரைச் சொன்னாலே விலகி நின்றார்கள். ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசல் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களின் வீட்டாரை அக்கம் பக்கத்தார் பார்த்த பார்வை நமக்குத் தெரியும். நோய் வந்தவன் குற்றவாளியல்ல என்று அன்று நாம் எத்தனை பேரிடம் சொன்னோம்! அதே சொல்லை நாமும் கடைப்பிடிக்க வேண்டாமா?

சட்டங்களும் மாறிவருகின்றன. 1898ஆம் ஆண்டில் வெள்ளையர் செய்த தொழுநோயாளர் சட்டத்தை இந்தியா 2016இல் நீக்கியது. 2019இல், தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்றிருந்த பிரிவுகளை நீக்கினார்கள். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்திலிருந்த பிரிவும் அதில் சேரும். சட்டப் புத்தகத்தில் அடித்துவிட்டார்கள். நமது மனத்தில் அடிக்க வேண்டியவர்கள் நாமே.

நாம் செய்யத்தக்கவை

இனி, கடையிலும் ஜமாஅத்திலும் செய்யக்கூடிய சில காரியங்களைக் குறிப்பிடுகிறோம்.

ஒன்று: வேலையாளின் உடம்பில் உணர்ச்சியில்லாத வெளிறிய அல்லது சிவந்த படை, கை கால் மரத்துப்போதல், ஆறாத காயம் கண்டால் பயமுறுத்தாமல் சர்க்கார் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆரம்பத்தில் மருந்து உண்டால் ஊனம் வராது. நாம் விரட்டுவோம் என்று அவன் பயந்தால் மறைப்பான். மறைத்தால் அவனுக்கும் கேடு, மற்றவருக்கும் கேடு. ஆகவே ஒதுக்குவது நோயைத் தடுப்பதில்லை, வளர்க்கிறது.

இரண்டு: மருந்து உண்ணும் காலத்தில் வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். கிளினிக்குக்குப் போகச் சம்பளத்தோடு நேரம் கொடுங்கள். சூடான பாத்திரத்துக்குத் துணியும், பெட்டி உடைக்கக் கையுறையும் கொடுங்கள். மாலையில் கையையும் காலையும் காயம் உண்டா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் செலவு சில வெள்ளிகளே.

மூன்று: வாடிக்கைக்காரர் கேட்டால் அவனுடைய நோயைப் பற்றிப் பேசாதீர்கள், அது அவன் அமானத். ‘வைத்தியர் வேலைக்குத் தகுதி என்று சொல்லியிருக்கிறார்’ என்ற ஒரு சொல் போதும். இந்த ஒரு சொல்லை அன்று நாம் சொல்லத் துணியவில்லை.

நான்கு: ‘குஷ்டரோகி’, ‘நொண்டி’, ‘செவிடன்’, ‘பைத்தியம்’ என்று மனிதரைக் குறையின் பெயரால் அழைப்பதை நமது கடைத்தெருவிலிருந்து நீக்குவோம். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இருக்கிறது.

ஐந்து: தொழுகையின் ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கச் சொல்லப்பட்டிருக்கிறது. கந்தூரியிலும் கலியாண விருந்திலும் அவர்களுக்குத் தனி மூலை வேண்டாம். ஒரே ஸஹனில் அமர்வோம்.

ஆறு: தொழுநோய் மட்டும் அல்ல. பேச முடியாத பெண், மெதுவாகப் புரிந்துகொள்ளும் பிள்ளை, மனநோயிலிருந்து தேறியவர், சிறையிலிருந்து திரும்பியவர் ஆகியோர் நமது தெருவிலேயே இருக்கிறார்கள். பத்துப் பேர் வேலை பார்க்கும் கடையில் அவர்களில் ஒருவருக்கு இடம் கொடுத்துப் பாருங்கள். எல்லாரும் எல்லா வேலையும் செய்ய முடியாது. ஆனால் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய ஒரு வேலை கடையில் நிச்சயம் உண்டு. பொட்டலம் மடிக்கிறவருக்குக் காது கேட்கவேண்டுமா? விலைச் சீட்டு எழுதுகிறவருக்குக் கால் வேண்டுமா? சரக்குக்குத் தக்க அலமாரி பார்க்கும் நாம், மனிதருக்குத் தக்க இடம் பார்க்க முடியாதா?

முடிவாக ஒன்று. 2007இல் அந்தக் குடியிருப்பின் ஒரு பகுதியை இடித்துப் பல்கலைக்கழகத்து வைத்தியக் கல்லூரிக்கு இடம் கொடுத்தார்கள். பலர் முயன்றதால் எஞ்சிய பகுதி தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்துப் படங்களும் பொருள்களும் வைத்த ஒரு காட்சிக்கூடமும் அங்கே இருக்கிறது. எஞ்சியிருப்பவர்கள் முதியவர்கள். ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் தொகை குறைகிறது. நாம் கற்க வேண்டியதைக் கற்க அதிக நாள் இல்லை.

அடுத்த முறை பூச்சட்டி வாங்க வரும் சகோதரர்களுக்கு நமது வேண்டுகோள் இதுதான். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அந்தத் தோட்டங்களுக்கு அப்பால் உள்ள சிறு வீடுகளையும் காட்டுங்கள். அங்கே ஒரு பெரியவர் சட்டியை எடுத்துக் கொடுத்தால் இரண்டு கைகளாலும் வாங்குங்கள். காசை மேசைமேல் வைக்காமல் அவர் கையில் கொடுங்கள். மீதிச் சில்லறையையும் அவர் கையிலிருந்தே பெற்றுக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் நமது கைகளிலுள்ள பயத்தை நீக்கி அருள்வானாக. ஆமீன்.